பதினோரு மணிக்கு யாரு கேப்பா?

வணக்கங்க, எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் இந்த ஸ்டேஷன்ல இருந்து ஒரு தம்பி போன் பண்ணாரு. அக்கா, சமுதாய வானொலில, அதான் ஒரு ஏரியா ஜனங்களுக்காக நடத்தற சின்ன ரேடியோல, ஒடுக்கப்பட்ட ஜனங்களுக்கு நேரம் கிடைக்கறத பத்தி ஒரு பத்து நிமிஷம் பேசணும், வர்றீங்களான்னு. பேசறேன் தம்பி, என்னைக்கு போடுவீங்கன்னேன். செவ்வாக்கிழமைன்னாரு. எத்தன மணிக்கு? காலைல 11 மணிக்கு. எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. ஏன் சிரிக்கறேன்னு அவருக்கு அப்ப புரியல, இப்ப கண்ணாடிக்கு அந்தாண்ட ஹெட்போன் மாட்டிட்டு உக்காந்திருக்காரு, போகப் போக புரியும்.

நான் ரேடியோக்காரி இல்லீங்க. பெங்களூர் அல்சூர்ல பொறந்து வளந்தவ, 20 வருஷமா வீட்டு வேலைக்கு போறவங்க, ரோடு கூட்டறவங்க, இவங்க கூடத்தான் சுத்திட்டு இருக்கேன், ரேஷன் கார்டு, பென்ஷன், பிள்ளைங்க ஸ்கூல் அட்மிஷன்னு. அதுல எங்கயோ இந்த ரேடியோ பைத்தியம் புடிச்சுது, இன்னும் விடல.

முதல்ல ஒரு தண்ணிக் கதை சொல்லிடறேன். ரேடியோ பத்தி பேச வந்துட்டு தண்ணியான்னு கேக்காதீங்க, சேரும் இடம் ஒண்ணுதான். நான் சின்ன பொண்ணா இருக்கப்ப எங்க லைன்ல 18 வீடு, ஒரே குழாய். நாள் விட்டு நாள் தண்ணி. மெயின் ரோட்டு வீடுங்களுக்கும் தண்ணி உண்டு, எங்களுக்கும் உண்டு, பேப்பர்ல பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். அவங்களுக்கு காலைல ஆறு மணிக்கு வரும், எங்களுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு வரும். எங்கம்மா சாயங்காலமே குடத்த கொண்டு போய் வரிசைல வெச்சுட்டு வந்துடுவாங்க, குடம் பத்தலன்னா ஒரு செங்கல், அந்த செங்கல்லுக்கும் மரியாத உண்டு, யாரும் நகத்த மாட்டாங்க. ரெண்டு மணிக்கு குழாய் முதல்ல காத்து விடும், புஸ்ஸுன்னு, அந்த சத்தத்துக்கே லைன் மொத்தமும் எழுந்துடும். எங்கம்மா நாலு மணி வரைக்கும் புடிச்சுட்டு, கொஞ்சம் சாஞ்சுட்டு, அஞ்சரைக்கு வேலைக்கு கிளம்பிடுவாங்க. தேர்தல் சமயத்துல யாராவது பெரிய மனுஷன் வந்தா, உங்க ஏரியாவுக்கும் தண்ணி குடுக்கறோமேம்மான்னு சொல்லுவாரு. குடுத்தாங்க, பொய் இல்ல. ரெண்டு மணிக்கு குடுத்தாங்க.

ரேடியோவுலயும் எங்களுக்கு வர்றது அந்த ரெண்டு மணி குழாய்தான். அதத்தான் இன்னைக்கு நான் சொல்ல வந்தேன், திரும்ப திரும்ப சொல்லுவேன், சலிச்சுக்காதீங்க.

சில வருஷம் முன்னாடி ஒரு ஸ்டேஷன், பேரு வேணாம், துப்புரவுத் தொழிலாளிங்களுக்குன்னு வாரத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்கினாங்க. நல்ல மனசுதான், குத்தம் சொல்லல. ஸ்வீட்டெல்லாம் குடுத்து தொடங்கினாங்க, எங்க பொம்பளைங்க அஞ்சாறு பேரு பட்டுப்புடவை கட்டிட்டு போய் ரெக்கார்டிங் பண்ணிட்டு வந்தாங்க. ஒருத்தங்க தாலாட்டு பாடினாங்க, ஒருத்தங்க கை கிளவுஸ் குடுக்காத கதைய சொன்னாங்க, ஒருத்தங்க சும்மா சிரிச்சுட்டே இருந்தாங்க, அதையும் போட்டாங்க. எப்ப போட்டாங்க? புதன்கிழமை காலைல 11 மணிக்கு.

காலைல 11 மணிக்கு ரோடு கூட்டறவங்க எங்க இருப்பாங்க? ரோட்டுலதான இருப்பாங்க! ஆறரைக்கு மஸ்டரிங் பாயிண்ட்ல, அதான் எல்லாரும் வேலைக்கு கூடற இடத்துல, அட்டெண்டன்ஸ் வெச்சா, மத்தியானம் வரைக்கும் தொடப்பம் கைல இருக்கும். வீட்டு வேலைக்கு போறவங்கள கேட்டா அந்த நேரத்துக்கு மூணாவது வீட்டுல பாத்திரத்து மேல கை இருக்கும். அப்ப அந்த அரை மணி நேரத்த யாரு கேட்டிருப்பாங்க?

ஒருத்தங்க கேட்டாங்க. ஒரே ஒருத்தங்க. அவங்ககிட்ட பட்டன் போன் ஒண்ணு இருக்கு, அதுல எஃப்எம் வரும், ஆனா இயர்போன் ஒயர் சொருகினாத்தான் வரும், ஒயருதான் அதுக்கு ஏரியல். போன யூனிஃபார்ம் கோட்டுக்குள்ள வெச்சு, ஒயர முந்தானைக்குள்ள விட்டு, தலைல துண்டு கட்டிட்டு, ஒரு பஸ் ஸ்டாப்ப கூட்டிட்டே கேட்டிருக்காங்க. சாயங்காலம் என்கிட்ட வந்து சொன்னாங்க: "அக்கா, என் கொரல் எனக்கே கேட்டுச்சு, வேற யாரோ பேசறாப்ல இருந்துச்சு. நான் சொன்னதுல கடைசி வரிதான் முக்கியம், அதுக்குள்ள பஸ்காரன் ஹாரன் அடிச்சுட்டான், போயிடுச்சு." அந்தக் கடைசி வரி என்னன்னு கேட்டேன். கக்கூஸ் பத்தி. காலைல ஆறரைல இருந்து மத்தியானம் வரைக்கும் ரோட்டுல நிக்கற பொம்பளை எங்க போவான்னு கேட்டிருக்காங்க. அதத்தான் ஹாரன் முழுங்கிடுச்சு.

மூணு மாசம் ஆச்சு. ஸ்டேஷன்ல கூப்ட்டு சொல்றாங்க, உங்க ஜனங்ககிட்ட இருந்து ஒரு போன் கால் கூட வரலீங்களே, அவங்களுக்கு இன்ட்ரஸ்ட் இல்ல போல, நிறுத்திக்கலாம்னு. நான் சொன்னேன் சார், ராத்திரி எட்டு மணிக்கு போடுங்க, அடுப்புல சோறு கொதிக்கற நேரம், ஆம்பளைங்க வீட்டுக்கு வந்திருப்பாங்க, பிள்ளைங்க இருப்பாங்க, எல்லாரும் கேப்பாங்கன்னு. எட்டு மணிக்கு வேற ப்ரோக்ராம் இருக்கு மேடம், ஸ்பான்சர் புடிச்சது, ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்கன்னாரு. இந்த ஊர்ல நாங்க தலைமுறை தலைமுறையா அட்ஜஸ்ட் பண்ணிட்டுதாங்க இருக்கோம், அதுல எங்களுக்கு ட்ரெய்னிங் வேணாம்.

நேரம் குடுத்தோம்னு சொல்றவங்கள எந்த நேரம்னு கேக்கணும். அதுதான் என் கட்சி.

கேக்க நமக்கு என்ன உரிமைன்னு சில பேரு நெனைப்பாங்க, ஸ்டேஷன் அவங்களோடது, மெஷின் அவங்களோடதுன்னு. மெஷின் அவங்களோடது, காத்து அவங்களோடது இல்ல. 1995 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சு, காத்துல போற ரேடியோ அலைங்க பொதுச் சொத்துன்னு. அது எதுல வந்த தீர்ப்பு தெரியுமா, கிரிக்கெட் கேஸ்ல. 1993ல ஹீரோ கப் மேட்ச்ச யாரு டிவில காட்டறதுன்னு பெங்கால் கிரிக்கெட் சங்கத்துக்கும் கவர்மெண்ட்டுக்கும் சண்டை, அதுல போய் நமக்கு இந்த வார்த்த கிடைச்சுது. அடுத்த வருஷமே, 1996ல, நம்ம பெங்களூர்லதான் உக்காந்து சமுதாய வானொலி வேணும்னு ஒரு பிரகடனம் போட்டாங்க. இந்த ஊருக்கு அந்தப் பெருமை உண்டு, ஆனா ஆட்டோல போறப்ப யார்கிட்ட கேட்டாலும் தெரியாது.

அப்புறமும் சுளுவா கிடைக்கல. 2002 கடைசில காலேஜ், யுனிவர்சிட்டிங்களுக்கு மட்டும்னாங்க. படிச்சவங்களுக்கு மைக், மத்தவங்களுக்கு காது. நம்ம கோலார் பக்கம், தங்கவயலுக்கு கிட்ட, பூதிகோட்டைன்னு ஊரு, ஹைதர் அலி பொறந்த ஊருன்னு சொல்லுவாங்க, அங்க லைசென்ஸ் கிடைக்காம கேபிள் டிவி ஒயருல ரேடியோவ விட்டாங்க, நம்ம த்வனின்னு பேரு, 2003ல. காத்துல விடக்கூடாதுன்னா ஒயருல விடறோம்னு. 2006 நவம்பர்லதான் தொண்டு நிறுவனங்களுக்கும் லைசென்ஸ்னு கொள்கை மாறுச்சு.

எனக்கு ரொம்ப புடிச்சது சங்கம் ரேடியோ. தெலங்கானால, அப்ப மேடக் ஜில்லா, மச்சனூர்னு கிராமம். விவசாயக் கூலி தலித் பொம்பளைங்க சங்கம் சேந்து நடத்தறது. 1998லயே யுனெஸ்கோ உதவில ஸ்டூடியோ வந்துடுச்சு, ஆனா லைசென்ஸ் இல்ல. பத்து வருஷம் என்ன பண்ணாங்கன்னு நெனைக்கறீங்க? சும்மா இல்ல, ரெக்கார்டு பண்ணி கேசட்ல வெச்சு, சங்கக் கூட்டத்துல போட்டுக் கேட்டாங்க. 2008 அக்டோபர் 15ம் தேதிதான் 90.4ல காத்துல ஏறுச்சு. சங்கத்துக்காக ஸ்டேஷன பாத்துக்கிட்டது ரெண்டு பொம்பளைங்க, ரெண்டு பேருக்கும் பேரு நர்சம்மா. இப்ப கவனமா கேளுங்க, ஒலிபரப்பு நேரம் சாயங்காலம் ஏழுல இருந்து ஒன்பது. ரெண்டே மணி நேரம். நாள் பூரா ஓட்டணும்னு அவங்க ஆசப்படல. காட்டு வேலை முடிஞ்சு, வீடு வந்து, உக்காந்தப்புறம் கேக்கற நேரம் எதுவோ அதுதான் ஸ்டேஷன் நேரம். சுவிட்ச் கூலிக்காரி கைல இருந்தா கடிகாரம் தானா சரியாயிடும் பாத்தீங்களா.

நம்ம ஊர்லயும் இல்லாம இல்ல. 2007ல ஆரம்பிச்ச ரேடியோ ஆக்டிவ்ங்கற சமுதாய ரேடியோல திருநங்கைங்க ஆர்ஜேவா உக்காந்தாங்க, குப்பை பொறுக்கறவங்க பேசினாங்க. செய்யணும்னா செய்யலாம்.

பாஷை பத்தியும் ஒரு விஷயம். நம்ம பெங்களூர் தமிழ் இருக்கே, பாதி கன்னடம், கொஞ்சம் தெலுங்கு, கொஞ்சம் உருது, குழம்புல எல்லாம் போட்டாப்ல. ஒரு தடவ எங்க அக்கா ஒருத்தங்க மைக் முன்னாடி, "அந்த மேஸ்திரி பேஜார் பண்றான், கேட்டா சும்னே நில்லுங்கறான்"னு போட்டுத் தாளிக்கறாங்க, உள்ள இருந்து ஒரு பொண்ணு, மேடம் அத கொஞ்சம் நல்ல தமிழ்ல சொல்லுங்களேன்னுச்சு. அவ்ளோதான். அந்த அக்கா முதுக நிமுத்திட்டு, "மேற்பார்வையாளர் அவர்கள் சிரமம் கொடுக்கிறார்"னு ஸ்கூல்ல ஒப்பிக்கறாப்ல சொன்னாங்க. கோவமும் போச்சு, ஆளும் போச்சு. கவர்மெண்ட் கொள்கைலயே எழுதியிருக்கு, நிகழ்ச்சி முடிஞ்ச வரைக்கும் அந்த ஊரு பாஷைலயும் பேச்சு வழக்குலயும் இருக்கணும்னு. மேஸ்திரிதாங்க எங்க பேச்சு வழக்கு.

என்ன தம்பி? மூணு நிமிஷமா? கை காட்டறாரு. நான் தண்ணிக் கதைலயே பாதி நேரத்த விட்டுட்டேன்னு நெனைக்கறேன். சரி, இனிமே வேகமா.

ஸ்டேஷனுக்கு போனா என்ன கேக்கணும்னு ஒரு பக்கம் எழுதிட்டு வந்தேன், ரெண்டு மட்டும் சொல்றேன். ஒவ்வொரு சமுதாய ரேடியோவுக்கும் ஆலோசனைக் கமிட்டின்னு ஒண்ணு இருக்கணும், 2024ல வந்த புது விதிப்படி அதுல பாதி பேரு பொம்பளைங்க. நம்ம ஏரியா பொம்பளை யாரு இருக்காங்கன்னு கேளுங்க, ஆபீசர் வீட்டம்மாவ காட்டினா ஒத்துக்காதீங்க. அப்புறம் பாதி நிகழ்ச்சியாவது உள்ளூர்லயே, உள்ளூர் ஜனங்க கலந்துக்கிட்டு பண்ணதா இருக்கணும்னு விதி, வாரச் சார்ட்ட எடுத்துக் காட்டச் சொல்லுங்க, எங்க பேரு எந்தக் கட்டத்துல இருக்குன்னு விரல் வெச்சு பாருங்க.

இன்னொண்ணு, இந்த ரேடியோல சொந்தமா நியூஸ் படிக்கக் கூடாது, ஆல் இந்தியா ரேடியோ நியூஸ எடுத்துப் போடலாம், அவ்ளோதான். ஆனா தண்ணி வர்ற நேரம், கரண்ட் கட்டு, இதெல்லாம் நியூஸ்ல சேராது, அதிகாரிங்க குடுத்தா சொல்லலாம். தண்ணி எப்ப வரும்னு சொல்லலாம், ஏன் ரெண்டு மணிக்கு வருதுன்னு கேட்டா நியூஸ் ஆயிடுமோன்னு ஸ்டேஷன்காரங்களுக்கு பயம். அந்த பயத்த பத்தி தனியா பேசணும், காசு பத்தியும் வெச்சிருந்தேன், விளம்பரம் மணிக்கு 12 நிமிஷம் வரைக்கும் இப்ப விட்டிருக்காங்க, அந்த 12 நிமிஷம் யாரு நேரத்த திங்குதுன்னு... ஒரு நிமிஷமா? சரி சரி.

தம்பி, ஒண்ணே ஒண்ணு. இத இன்னைக்கு 11 மணிக்கு போடுங்க, வேணாங்கல. ராத்திரி எட்டு மணிக்கு இன்னொரு தடவ போடணும். நான் யார பத்தி பேசினேனோ அவங்க இப்ப ரோட்டுல இருக்காங்க.

தலையாட்டறாரு. தலையாட்டறது ரேடியோல தெரியாது தம்பி, சார்ட்ல எழுதுங்க. பேனா இல்லையா, இந்தாங்க என்னுது.