ஏரிய காப்பாத்துற கேம் பண்ணேன், பிளாட் போட்டவன் ஜெயிச்சுட்டான்

[திரையில்: சார்ட் பேப்பர்ல ஸ்கெட்ச்ல வரைஞ்ச மூணு ஏரி, பக்கத்துல ஒரு டம்ளர் புளியங்கொட்டை, ஆறு சோழி]

போன மாசம் அக்கா பையன் என்கிட்ட ஒரு கேம்ல ஜெயிச்சான், ஜெயிச்சுட்டு அவன் சொன்ன ஒரு வார்த்தையில நான் மூணு வாரம் உக்காந்து பண்ண வேலை மொத்தமா புட்டுக்கிச்சு. "மாமா, இதுல பிளாட் போட்டு விக்கிறவன்தான் ஜெயிப்பான் போல"ன்னான். நான் பண்ணது ஏரிய காப்பாத்துற கேம்ங்க!

சுற்றுச்சூழல் கேம்னாலே குப்பைய பொறுக்கு, பத்து பாயின்ட், மரம் நடு, ஒரு பேட்ஜ், அப்படித்தான் பண்றாங்க. அது பரீட்சை, கேம் இல்ல. சரியான பதில் எதுன்னு மொத நிமிஷமே தெரிஞ்சுடும், அப்புறம் எதுக்கு விளையாடணும்? தப்பு பண்றதுல லாபம் இருக்கணும், அப்பதான் ஆசை வரும். 1980கள்ல டென்னிஸ் மெடோஸ்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி 'ஃபிஷ் பேங்க்ஸ்'னு ஒரு கேம் பண்ணார், ஆளுக்கொரு மீன்பிடி கம்பெனி, கடல் எல்லாருக்கும் பொது. மீன் தீந்துடும்னு தெரிஞ்சே போட்டி போட்டு பிடிப்பாங்க. நான் விடிய விடிய யோசிச்சது அத வச்சுதான்.

[திரையில்: மூணு ஏரியையும் இணைக்கிற வாய்க்கால் மேல விரல் போகுது]

நம்மூர்ல கடலுக்கு பதிலா ஏரி. தமிழ்நாட்டுல 39,000 ஏரிக்கு மேல இருக்கு, அதுல நிறைய ஏரி சங்கிலி மாதிரி, மேல் ஏரி நிரம்புனா, மிச்ச தண்ணி வெளியேற கட்டியிருக்குற கலங்கல் வழியா வழிஞ்சு வாய்க்கால்ல ஓடி அடுத்த ஏரிக்கு போகும். வாய்க்கால் போச்சுன்னா மழை பெய்ஞ்சா வெள்ளம், பெய்யலன்னா வறட்சி. சென்னையவே பாருங்க, 2015 டிசம்பர்ல மூழ்குச்சு, 2019 கோடையில பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம்னு நாலு குடிதண்ணி ஏரியும் கிட்டத்தட்ட வத்தி ஜூலைல ஜோலார்பேட்டைல இருந்து ரயில்ல தண்ணி வந்துச்சு. நடுவுல நாலே வருஷம்!

ரூல் இதுதான். மூணு பேர், ஆளுக்கொரு ஏரி, புளியங்கொட்டைதான் தண்ணி, ஒரு ஏரி ஆறு கொட்டை தாங்கும். சோழிய உருட்டுங்க, எத்தன மல்லாக்க விழுதோ எல்லா ஏரிக்கும் அத்தன கொட்டை மழை. ரவுண்டுக்கு ரெண்டு கொட்டை வயலுக்கு விட்டா ரெண்டு ரூபா. தூர் வாரணும்னா மூணு ரூபா செலவு, ஏரி ஒரு கொட்டை கூட தாங்கும். இல்ல உங்க வாய்க்கால பிளாட் போட்டு வித்தா உடனே எட்டு ரூபா, கையில காசு.

மொத வெர்ஷன்ல வெள்ளத்த ஒரு சீட்டா வச்சிருந்தேன், சீட்டுக்கட்டுல இருந்து எடுத்தா யாருக்கோ வெள்ளம். அங்கதான் கோட்டை விட்டேன். பையன் எல்லாத்தயும் வித்தான், சீட்டு அக்காவுக்கு வந்துச்சு, "உங்க நேரம் சரியில்லம்மா"ன்னு சிரிச்சான். வெள்ளம்ங்கிறது தலையெழுத்துன்னு என் கேமே அவனுக்கு சொல்லிக்குடுத்துடுச்சு.

[திரையில்: பிளாட் கட்டம் மேல அஞ்சு புளியங்கொட்டை]

சீட்ட தூக்கி போட்டேன். இப்போ வழியிற கொட்டைக்கு வாய்க்கால் இல்லன்னா அது பிளாட் மேலயே நிக்கும், ஒரு கொட்டைக்கு ரெண்டு ரூபா தண்டம். அப்புறம் மூணு ரவுண்டுக்கு ஒரு தடவ எல்லாரும் இடம் மாறணும், காசு உங்களோட வரும், ஏரி அங்கயே இருக்கும். வித்தவர் காச எடுத்துட்டு கிளம்பிடுவார், தண்ணி வர்றது அடுத்து குடி வர்றவர் வீட்ல, நிஜத்துலயும் அதானே.

மறுபடி விளையாடுனோம். பையன் கரெக்டா மூணாவது ரவுண்டுல வித்துட்டு நகந்துட்டான், அந்த இடத்துல அக்கா வந்து உக்காந்தா, சோழி ஆறும் மல்லாக்க. அக்கா போட்ட சத்தத்துல கீழ்வீட்டு மாமி எட்டிப் பாத்தாங்க. அடுத்த ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் பேசி, வாய்க்கால விக்கணும்னா மூணு பேரும் ஒத்துக்கணும்னு முடிவு பண்ணாங்க, அந்த ரூல நான் எழுதவே இல்ல. உத்திரமேரூர் கல்வெட்டுல பராந்தக சோழன் காலத்துலயே, அதாவது பத்தாம் நூற்றாண்டுல, ஏரி வாரியம்னு ஒண்ணு குடவோலை போட்டு தேர்ந்தெடுத்தாங்கன்னு இருக்கு. எங்க வீட்டு வாரியத்துல மூணு பேரு, அதுல ஒருத்தன் எட்டாவது படிக்கிறான்.

இன்னும் ஒரு ஓட்டை இருக்கு. மழையில்லாத ரவுண்டு செம போர், ரெண்டு தடவ சோழி கவுந்தா பையன் போன எடுத்துடறான். லாரி தண்ணி விக்கிற மாதிரி ஒரு ரூல் எழுதியிருக்கேன், ஞாயித்துக்கிழமை அக்கா வீட்ல டெஸ்ட்.