தண்ணீரும் சக்கரமும் தேடும் குறுக்கு வழி

அனைவருக்கும் வணக்கம்.

சிங்கப்பூரின் புக்கிட் தீமா காட்டை ஒட்டி ஒரு மலைச் சைக்கிள் தடம் ஓடுகிறது. குன்றின் உயரம் 163 மீட்டர்தான். ஒரு பக்கம் அடுக்குமாடி வீடுகள், இன்னொரு பக்கம் விரைவுச்சாலை, சுற்றிலும் கைவிடப்பட்ட கருங்கல் குவாரிகள். அந்த நகரத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 2113 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆண்டில் 171 நாட்கள் மழை நாட்கள். கருங்கல் சிதைந்து உருவான செம்மண். மணலும் களியும் கலந்தது. இப்படிப்பட்ட இடத்தில் வெட்டிய தடம் வெட்டியபடியே இருக்கும் என்று எதிர்பார்ப்பதே தவறு. எப்படி மாறுகிறது, அந்த மாற்றத்தில் எதை நம் கைக்குள் வைத்துக்கொள்ள முடியும் என்பதுதான் இன்றைய பேச்சு.

தடத்தைச் சக்கரம் கெடுக்கிறது என்பது பொதுவான புகார். அமெரிக்காவின் மொன்டானாவில் குதிரை, நடையர், மோட்டார் சைக்கிள், சைக்கிள் நான்கையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு நடந்தது, 1994-இல் வெளியானது. ஈரப்படுத்திய தடத்தில் சக்கரங்களை விடக் குளம்பும் காலும்தான் அதிக மண்ணைப் பெயர்த்தன. சைக்கிள்காரர்கள் இதைக் கேட்டு உடனே காலரைத் தூக்கிவிட வேண்டாம். அது வேகமாக வந்து ப்ரேக் பிடிக்கும் திருப்பத்தைப் பற்றிய ஆய்வு அல்ல. மண்ணைப் பெயர்ப்பது யாராக இருந்தாலும், அதை அள்ளிக்கொண்டு போவது தண்ணீர். தண்ணீருக்கும் ஓட்டுபவருக்கும் ஒரே குணம்: எது சுலபமோ அந்த வழியில் போவது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

புதுத் தடத்தின் முதல் சில மாதங்களைப் பாருங்கள். இலைச்சருகு விலகுகிறது. சக்கரம் ஓடும் நடுப்பகுதி அமுங்குகிறது. ஒதுங்கிய மண்ணும் சருகும் பள்ளத்துப் பக்க ஓரத்தில் சேர்ந்து, வயல் வரப்பு போலச் சின்னதாக ஒரு மேடு எழுகிறது. ஐந்து சென்டிமீட்டர் உயரம் போதும், தடம் வாய்க்காலாகிவிடும். குறுக்கே கடந்து சரிவில் இறங்க வேண்டிய தண்ணீர், வெளியேற வழியில்லாமல் தடத்தோடு நெடுக ஓடுகிறது. பொடி மண் முதலில் போகும். சரளையும் வேரும் மிஞ்சும். வேர் வழுக்கும் என்று ஓட்டுபவர் ஓரமாக ஒதுங்குவார். அந்த ஓரமும் அமுங்கும். ஒற்றைத் தடம் இரண்டாகி, இரண்டு மூன்றாகிப் பின்னல் போல் பிரிவது இப்படித்தான். சமதளத்தில் தேங்கும் குட்டைக்கும் இதே கதை: சுற்றிப் போகப் போகக் குட்டை அகலமாகிறது. தவிர்க்க முடியாத குட்டை என்றால் நடுவிலேயே ஓட்டுவதுதான் சரி. சட்டை அழுக்காகும், தடம் பிழைக்கும்.

எனவே பராமரிப்பில் முதல் வேலை அந்த வரப்பை வெட்டி எடுப்பது. மண்வெட்டியும் அகலமான பல் வாரியும் போதும். வெட்டிய மண்ணைத் தடத்தில் கொட்டாமல் சரிவில் தள்ளிப் பரப்ப வேண்டும். தடத்தின் தளம் வெளிப்பக்கமாக, அதாவது பள்ளத்துப் பக்கமாக, நூற்றுக்கு ஐந்து சாய வேண்டும். ஒரு மீட்டர் அகலத் தடத்துக்கு 5 சென்டிமீட்டர். பலகை ஒன்றைக் குறுக்கே வைத்து ரசமட்டம் வைத்தால் தெரிந்துவிடும்.

ஆனால் சாய்வு மட்டும் காப்பாற்றாது. சக்கரம் ஓட ஓட நடு மறுபடி அமுங்கத்தான் செய்யும். அதனால்தான் ஏற்ற இறக்கத்தைத் தடத்துக்குள்ளேயே வைத்து வெட்டுகிறார்கள். இறங்கிவரும் தடம் 6 முதல் 15 மீட்டருக்கு ஒருமுறை சற்றே ஏறி, மறுபடி இறங்க வேண்டும். ஏறும் இடத்துக்கு முன் உள்ள தாழ்வில் தண்ணீர் வெளியேறிவிடும். குறுக்கே மரக்கட்டை பதித்துத் தண்ணீரைத் திருப்புவது பழைய முறை. அதன் பின்னால் வண்டல் சேர்ந்து ஒரே பருவத்தில் தூர்ந்துவிடும். பிறகு தண்ணீர் கட்டையின் முனையைச் சுற்றிப் போகும், சைக்கிளும் அதே முனையைச் சுற்றிப் போகும். மண் தாழ்வு நீளமாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. சைக்கிளின் இரண்டு சக்கரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 1.2 மீட்டர் இருக்கிறது. தாழ்வும் எழுச்சியும் அதைப்போலச் சில மடங்கு நீளமாக இருந்தால்தான் ஓட்டம் தடைபடாது. தடைபடாத இடத்தை யாரும் சுற்றிப் போக மாட்டார்கள்.

எங்கே வெட்டினோம் என்பதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வி. மலைச்சரிவில் தண்ணீர் நேராக இறங்கும் கோட்டிலேயே தடத்தைப் போட்டுவிட்டால் எந்தப் பராமரிப்பும் எடுபடாது. கணக்கு எளிது: தடத்தின் சரிவு, மலைச்சரிவில் பாதியைத் தாண்டக்கூடாது. மலைச்சரிவு நூற்றுக்கு 16 என்றால் தடம் 8-க்குள். மலை எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும் தடத்தின் சராசரி 10-க்குள் இருப்பது நல்லது. இதைக் கேட்டுவிட்டுச் சமதளம்தான் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. அதுதான் பெரும் பொறி. மலைச்சரிவே 4 என்றால் தடத்துக்கு 2-தான் மிஞ்சும். தண்ணீருக்கு இறங்க இடமே இல்லை. சேறு நிரந்தரமாகும்.

ப்ரேக் மேடுகளுக்கு வருவோம். திருப்பத்துக்கு முன்னால் துணி துவைக்கும் பலகை மாதிரி வரிவரியாக எழுமே, அவை. மண் கொட்டி நிரவினால் கொஞ்ச நாளில் திரும்ப வரும். காரணம் அந்த இடத்தில் இல்லை. அதற்கு முன் வரும் நீண்ட நேர் இறக்கத்தில் இருக்கிறது. திருப்பத்துக்கு முன்பே ஒரு சிறு ஏற்றம் வைத்தாலோ, இரண்டு பாறைகளுக்கு நடுவே தடத்தை நெருக்கினாலோ வேகம் தானாகக் குறையும். ஒரு காலத்தில் 26 அங்குலச் சக்கரம். இன்று 29 அங்குலம், நல்ல சஸ்பென்ஷன். அன்று தட்டுத்தடுமாறி இறங்கிய இடத்தில் இன்று வேகம் கூடிவிட்டது. தடத்தைத் தொடாமலேயே தடம் மாறிவிட்டது.

வெளியே தெரியும் வேரை வெட்டலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். கூடாது. மழைக்காட்டு மரங்கள் மேல்மண்ணிலேயே வேர் பரப்புகின்றன. அமுங்கிய மண்ணில் அவற்றுக்கு ஏற்கெனவே காற்றுக் குறைவு. இயன்றால் தடத்தை நகர்த்துங்கள். செங்குத்தான இடத்தில் மண் நிற்காது என்றால் கல் பாவுங்கள்: சரிவின் அடியில் பெரிய கல்லை ஊன்றித் தொடங்கி மேல்நோக்கி வர வேண்டும். ஒவ்வொரு கல்லும் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும். இணைப்புகள் செங்கல் கட்டு போல மாறி மாறி வரட்டும். நேர்க்கோட்டில் வந்தால் தண்ணீர் அதையே பிடித்துக்கொள்ளும். கல்லின் இருபுறமும் பாறையோ கட்டையோ வைக்க மறந்தால், கல் மேல் போக விரும்பாதவர் பக்கத்தில் புதுத் தடம் போட்டுவிடுவார்.

குறுக்கு வழிகளை மூடும்போது பலர் ஒரு கிளையை இழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அடுத்த வாரம் கிளை ஓரத்தில் கிடக்கும். அமுங்கிய மண்ணை 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழம் கடப்பாரையால் கிளற வேண்டும். இல்லையென்றால் விதை ஊன்றாது. காய்ந்த கிளைகளைப் படுக்க வைக்காமல் நட்டு நிறுத்த வேண்டும். கண் போகும் தூரம் வரை அந்தக் குறுக்கு வழி மறைய வேண்டும். எதிரே வழி தெரிந்தால் யாராவது போவார்கள். ஓடையாகிவிட்ட இடத்தில் குறுக்கே சிறு கல் தடுப்புகள் வைத்தால் வண்டல் சேர்ந்து மேடாகும். இதெல்லாம் முதன்மைத் தடம் நன்றாக இருந்தால்தான் பலிக்கும்.

சிங்கப்பூரிலேயே 2016-இல் முழுமையாகத் திறந்த செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவில் நடையருக்கும் சைக்கிளுக்கும் தனித்தனித் தடங்கள். 81 ஹெக்டேரில் அது முடிந்தது. எல்லாப் பூங்காவிலும் முடியாது. நடைபாதைகளும் தேய்மானத்துக்கு விலக்கல்ல: புக்கிட் தீமாவில் சரிவுகளையும் பாதைகளையும் சீரமைக்கவே 2014 முதல் 2016 வரை காட்டின் பெரும்பகுதியை மூடி வைத்தார்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், மழை பெய்யும்போதே குடையோடு தடத்தின் உச்சிக்குப் போங்கள். இடியென்றால் வேண்டாம். கீழ்நோக்கி நடந்தபடி, தண்ணீர் தடத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு நிறக் கொடி, தேங்கும் இடத்தில் வேறு நிறக் கொடி குத்துங்கள். மண் பாதி உலர்ந்து, கையில் பிடித்தால் உருண்டையாகும் பக்குவத்துக்கு வந்ததும் மண்வெட்டியோடு திரும்பி வந்து, மேலே உள்ள முதல் நுழைவுக் கொடியில் வேலையை ஆரம்பியுங்கள். அதைச் சரிசெய்தால் கீழே உள்ள கொடிகள் சிலவற்றுக்கு வேலையே இருக்காது.