தோப்பை அடமானம் வைக்கும் முன்

(சேலம் அஸ்தம்பட்டியில் சட்ட மாணவர்கள், ஜூனியர் வக்கீல்கள் நடுவே பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம். பின்வரிசைக்குக் கேட்கிறதா? சரி.

உள்ளே வரும்போது வாசலில் ஒருவர் பிடித்துக்கொண்டார். மாந்தோப்புக்காரர். "பையனை லண்டனுக்கு எல்.எல்.எம். அனுப்புறேனுங்க. முடிச்சா அங்கேயே வக்கீல்தானுங்களே?" அந்தச் சட்ட மேற்படிப்புக்காகத் தோப்பை அடமானம் வைக்கப் போகிறாராம். பேச நினைத்து வந்ததை விட்டுவிட்டு அவருக்கே பதில் சொல்கிறேன்.

அதை மட்டும் வைத்து வக்கீல் ஆக முடியாதுங்க. குடல்வால் எந்த நாட்டுக்குப் போனாலும் வலப்பக்கம்தான். டாக்டருக்கு அந்த நிம்மதி உண்டு. நமக்கோ விமானம் ஏறியதும் பட்டா, சிட்டா, சிவில் நடைமுறைச் சட்டம் எல்லாம் இங்கேயே நின்றுவிடுகின்றன. ஒப்பந்தச் சட்டம் மட்டும் பாதி தூரம் கூட வரும். அது வெள்ளைக்காரன் கொடுத்துவிட்டுப் போனதுதானே.

இங்கிலாந்தில் சொலிசிட்டர், அதாவது அந்த ஊர் வக்கீலில் ஒரு வகை, ஆக 2021 முதல் எஸ்.க்யூ.இ. என்று இரண்டு கட்டத் தேர்வு. முதல் கட்டத்தில் மட்டும் 360 கேள்விகள். இதை எழுத அந்த ஊர் எல்.எல்.எம். வேண்டியதில்லை. வெறும் பட்டத்தோடு போகிறவர் இரண்டு வருட வேலை அனுபவம் காட்ட வேண்டும்; இங்கே சன்னது எடுத்த, அதாவது பார் கவுன்சிலில் பதிந்துகொண்ட, வக்கீலுக்கு அந்த நிபந்தனை கிடையாது. இதைக் கல்விக் கண்காட்சிக்காரர் யாரும் சொல்வதில்லை. சொன்னால் அவருக்குக் கமிஷன் ஏது?

நியூயார்க் வேறு மாதிரி. அங்கே படிப்பின் கால அளவையும், அது ஆங்கிலேயரின் "காமன் லா" என்னும் பொதுச்சட்ட வழியில் வந்ததா என்பதையும் பார்ப்பார்கள். இரண்டில் ஒன்று குறைந்தால் 24 கிரெடிட் எல்.எல்.எம். படித்து ஈடுகட்டலாம். அஞ்சல் வழியில் படித்த சட்டம் செல்லாது. அப்புறம் இரண்டு நாள் தேர்வு, 400க்கு 266 வாங்க வேண்டும். 50 மணி நேரம் சம்பளமில்லாத சட்டப்பணி தனி.

நான் அங்கே விண்ணப்பித்தபோது தேர்வுக்கு முன்பே ஓர் உறையிடம் தோற்றேன். மதிப்பெண் சான்று கல்வி நிறுவனத்திலிருந்தே நேராக அவர்களுக்குப் போக வேண்டும். நானோ கௌண்டரில் கையெழுத்துப் போட்டு வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். "கான்ஸ்டிட்யூஷன்ல எவ்வளவுடா?" என்று அம்மா ஆசையாகப் பிரித்துப் பார்த்தாள். திரும்ப ஒட்டி, நானே தபாலில் போட்டேன். ஏற்கவில்லை. மறுபடி படிவம், மறுபடி கட்டணம், ஐந்து மாதம் போச்சு. அம்மா இன்றைக்கும் அந்தப் பேச்சை எடுத்தால் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

ஒரு ஆறுதல் உண்டு. 1894இல் காந்தி தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் வக்கீலாகப் பதியப் போனார். லண்டனில் பாரிஸ்டர் ஆனவர். அங்கிருந்த சட்டச் சங்கம் ஆட்சேபித்தது. வெள்ளையர் அல்லாதவர் வருவார் என்று விதி எழுதியபோது நினைக்கவில்லை என்பதே அவர்களின் பெரிய வாதம். சின்ன வாதம் என்ன தெரியுமா? அசல் சான்றிதழை விண்ணப்பத்தோடு இணைக்கவில்லையாம்! நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது, தலைப்பாகையைக் கழற்றச் சொல்லிவிட்டு. சில மாதத்தில் அவரிடம் வந்து நின்றவர் பல் உடைந்த தமிழ்க் கூலித் தொழிலாளி பாலசுந்தரம்.

சரி, இனி நீங்கள் கேளுங்கள். மாந்தோப்புக்காரர் மூன்றாவது வரிசையில் இருக்கிறார். பையன் பட்டம் வாங்கிவிட்டானாம், சன்னது இன்னும் எடுக்கவில்லையாம். அண்ணே, பேங்குக்கு நாளைக்குப் போக வேண்டாம். பையனை என்னிடம் அனுப்புங்கள், பதிவுப் படிவத்தை நானே நிரப்பித் தருகிறேன்.