கணக்கு எந்திரத்தில், கூட்டும்போது வரும் மீதி ஒன்றை அடுத்த சக்கரத்துக்குக் கடத்துவது எப்படி?

[திரையில்: பித்தளைப் பெட்டி. மூடியில் வரிசையாகச் சக்கரங்கள்.]

1642. பிரான்சின் ரூவான் நகரம். எத்தியென் பாஸ்கல் அங்கே வரி அதிகாரி. பக்கம் பக்கமாகக் கூட்டல். அன்றைய பிரெஞ்சுப் பணத்தில் அது லேசான வேலை இல்லை: 12 தெனியே 1 சோல், 20 சோல் 1 லீவ்ர். அப்பாவின் பாரத்தைக் குறைக்க, 20 வயதுகூட ஆகாத மகன் பிளேஸ் பாஸ்கல் செய்யத் தொடங்கியதுதான் பாஸ்கலின் கணக்கு எந்திரம்.

எண்ணைச் சக்கரத்தில் வைப்பது சுலபம். பத்துப் பல் உள்ள சக்கரத்தை ஏழு பல் திருப்பினால் 7. மேலும் ஐந்து திருப்பினால் 2 வந்து நிற்கும். சரி, மீதி 1? அதைப் பக்கத்துச் சக்கரத்துக்கு யார் கொண்டுபோவது? கணக்கு எந்திரத்தின் உயிரே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

1623-லேயே ஜெர்மனியின் டூபிங்கனில் வில்ஹெல்ம் ஷிக்கார்ட் ஒரு வழி கண்டிருந்தார். வானியலாளர் கெப்ளருக்கு எழுதிய கடிதங்களில் அதை விவரிக்கிறார். ஒரு சுற்று முடிந்ததும் ஒற்றைப் பல் ஒன்று அடுத்த சக்கரத்தை நகர்த்தும். ஆனால் 999999 உடன் 1 கூட்டிப் பாருங்கள். ஆறு சக்கரமும் ஒரே நேரத்தில் நகர வேண்டும். அத்தனை பளுவும் முதல் சக்கரத்தின் தலையில்!

[திரையில்: பெட்டியின் உட்புறம், மெதுவாக.]

பாஸ்கல் செய்ததை நிதானமாகப் பாருங்கள். சக்கரம் 9-ஐ நெருங்க நெருங்க, எடை வைத்த ஒரு நெம்புகோலைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்குகிறது. 9 தாண்டி 0 வந்ததும் பிடி விடுகிறது. நெம்புகோல் சட்டென விழுந்து, அடுத்த சக்கரத்தை ஒரு பல் தள்ளுகிறது. அதுவும் 9-ல் இருந்தால், அதன் நெம்புகோலும் விழும். தள்ளத் தேவையான விசையை ஒவ்வொரு சக்கரமும் முன்கூட்டியே சேர்த்து வைத்திருக்கிறது. திருப்பும் கைக்குப் பளுவே ஏறாது. அந்த நூற்றாண்டின் எந்திர வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இதற்கு ஒரு விலையும் உண்டு: சக்கரம் பின்னோக்கித் திரும்பாது. அப்புறம் கழிப்பது எப்படி?

[திரையில்: எண் உருளை, இரண்டு வரிசை எண்கள்.]

ஒவ்வொரு சக்கரத்தோடும் சுழலும் எண் உருளையில் இரண்டு வரிசை எண்கள். பத்துப் பல் சக்கரத்தில் மேலும் கீழும் கூட்டினால் எப்போதும் 9. சக்கரம் முன்னே போகப் போக ஒரு வரிசை ஏறும், மற்றது இறங்கும். ஒரு வரிசையை மறைக்கும் பட்டையை நகர்த்தி இறங்கும் வரிசையைத் திறவுங்கள். அதில் 45 தெரியும்படி வைத்து, வழக்கம்போல 12 திருப்புங்கள். 33 வந்து நிற்கும்.