300 எம்பிபிஎஸ் லைன், கிராஃப்ல மட்டும் 71: லைன்காரரைத் திட்டுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

வணக்கம் மக்களே. இன்னைக்கு கொஞ்சம் கடுப்புலதான் கேமரா முன்னாடி உக்காந்திருக்கேன். போன வீடியோல எம்ஆர்டிஜி, அதாவது ரூட்டர்ல ஓடுற டேட்டாவை கிராஃபா வரையுற மென்பொருள், அதைப் போடுறது காட்டுனேன்ல, அதுலருந்து கமெண்ட் பூராம் ஒரே பாட்டு. "அண்ணே, ஹாஸ்டலுக்கு 300 எம்பிபிஎஸ் லைன் எடுத்திருக்கோம், ராத்திரி ஒன்பது மணிக்கு கிராஃப்ல 71 தாண்ட மாட்டேங்குது, லைன்காரன் ஏமாத்துறான்." மாட்டுத்தாவணி லாட்ஜ்லருந்து ஒருத்தர், ஒத்தக்கடை ஹாஸ்டல்லருந்து ஒருத்தர், கே.கே. நகர் அப்பார்ட்மென்ட்லருந்து ஒருத்தர். ஆளுக்கு ஒரு கம்பெனி லைன், ஆளுக்கு ஒரு ரூட்டர். ஆனா எல்லா கிராஃப்லயும் 70-லருந்து 73-க்குள்ள. ஊர்ல இருக்குற எல்லா லைன்காரரும் பேசி வச்சா 71-ல நிறுத்துவாங்க?

பொய் சொல்றது லைன் இல்ல, கவுன்ட்டர். இதை அந்த வீடியோலயே பன்னிரண்டாவது நிமிஷத்துல சொன்னேன். எல்லாரும் தள்ளி விட்டுட்டுப் போயிட்டீங்க.

சரி, முதல்லருந்து. எஸ்என்எம்பிங்கிறது ரூட்டர்கிட்ட கணக்கு கேக்குற பொது மொழி, எம்ஆர்டிஜி அதுலதான் பேசும். அது ரூட்டர்கிட்ட "இப்ப என்ன ஸ்பீடு ஓடுது"ன்னு கேக்குறதே இல்ல. நம்ம வீட்டு ஈபி மீட்டர் மாதிரிதான். ரீடிங் எடுக்க வர்றவர் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ வர்றாரு, போன ரீடிங்கை இந்த ரீடிங்ல கழிக்கிறாரு, இத்தனை யூனிட்டுன்னு எழுதுறாரு. இங்க ரெண்டு மாசத்துக்குப் பதிலா அஞ்சு நிமிஷம், யூனிட்டுக்குப் பதிலா பைட். ரூட்டர்ல ஒவ்வொரு போர்ட்டுக்கும் "இது வரைக்கும் உள்ள வந்தது இவ்வளவு, வெளிய போனது இவ்வளவு"ன்னு ஒரு கவுன்ட்டர் ஓடிக்கிட்டே இருக்கும். எம்ஆர்டிஜி அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா வந்து கழிச்சு, 300 செகண்டால வகுத்து, கோடு போடுது. அம்புட்டுத்தான்.

வம்பு என்னன்னா அந்த மீட்டர்ல எத்தனை இலக்கம் இருக்குங்கிறது. பழைய கவுன்ட்டர் இஃப் இன் ஆக்டெட்ஸ், அதோட ஓஐடி, அதாவது எஸ்என்எம்பில அதைக் கேக்குற நம்பர், 1.3.6.1.2.1.2.2.1.10. அது 32 பிட். 4,294,967,295 வரைக்கும் எண்ணும், அதாவது 429 கோடியே சொச்சம். அடுத்த பைட் வந்ததும் திரும்ப சைபர். ஒரு தடவ சுத்துனா மென்பொருள் கண்டுபிடிச்சிரும், ஏன்னா புது ரீடிங் பழசை விடக் கம்மியா இருக்கும். முழுசா ஒரு சுத்து சுத்தித் தாண்டிப் போயிட்டா?

ஸ்க்ரீன்ல பாருங்க, கணக்காவே போட்டுர்றேன். 300 எம்பிபிஎஸ் முழுசா அஞ்சு நிமிஷம் ஓடுனா 1,125 கோடி பைட். கவுன்ட்டர் 100 கோடில ஆரம்பிச்சதுன்னு வைங்க. ரெண்டு முழுச் சுத்து, அதுல 859 கோடி காணாமப் போச்சு. மிச்சம் 266 கோடி. இப்ப ரீடிங் 366 கோடி. 100 இருந்தது 366 ஆயிருக்கு, கூடித்தானே இருக்கு? எம்ஆர்டிஜிக்கு எந்தச் சந்தேகமும் வராது. 266 கோடியை 8-ஆல பெருக்கி 300-ஆல வகுங்க. 71 எம்பிபிஎஸ். வந்துச்சா உங்க 71?

இதுக்கு ஒரு சுருக்கு வழி இருக்கு. அஞ்சு நிமிஷ இடைவெளில 32 பிட் கவுன்ட்டர் தாங்குறது 114.5 எம்பிபிஎஸ். அதுக்கு மேல ஓடுனா 114.5-ஐக் கழிச்சுக்கிட்டே வாங்க, என்ன மிச்சமோ அதுதான் கிராஃப்ல வரும். 200 ஓடுனா 85.5 காட்டும். இதுல ரொம்பக் கொடுமையானது 120. எட்டு மணிக்கு 110 ஓடுது, கிராஃப் 110 காட்டும். எட்டே காலுக்கு 120 ஆகுது, கிராஃப் படார்னு 5.5-க்கு விழுகும். பாக்குறவன் லைன் செத்துப்போச்சுன்னு கஸ்டமர் கேருக்கு போன் போடுவான். உண்மைல அந்த நேரத்துலதான் லைன் நல்லா ஓடிக்கிட்டு இருக்கும்! இந்தப் படத்தை எனக்கு அனுப்புன தம்பி, நான் உங்களைச் சொல்லலை, ஆனா உங்களைத்தான் சொல்றேன்.

தீர்வு 64 பிட் கவுன்ட்டர். இஃப் ஹெச்சி இன் ஆக்டெட்ஸ், 1.3.6.1.2.1.31.1.1.1.6. வெளிய போறதுக்கு கடைசி 6-க்குப் பதிலா 10. ஒரு கிகாபிட் இடைவிடாம ஓடுனாலும் இது சுத்தி வர 4,600 வருஷத்துக்கு மேல ஆகும். ஆனா எஸ்என்எம்பி வெர்ஷன் 1-ல 64 பிட் நம்பரே கிடையாது. வெர்ஷன் 2சி, இல்லாட்டி 3 வேணும். எம்ஆர்டிஜிக்கு கான்ஃபிக் ஃபைல் எழுதிக் குடுக்குற சிஎஃப்ஜிமேக்கர், நீங்க ஒண்ணும் சொல்லலைன்னா வெர்ஷன் 1-லதான் போகும். மாட்டுனது அங்கதான்.

எழுதுற முறை இது: கம்யூனிட்டி பேரு (ரூட்டர் பதில் சொல்றதுக்கு நாம சொல்ற அடையாளச் சொல்), அட் குறி, ரூட்டர் ஐபி, அதுக்குப் பின்னாடி அஞ்சு கோலன், அப்புறம் 2. அஞ்சு. எண்ணுங்க. நாலு போட்டீங்கன்னா அந்த 2-ஐ காத்திருக்குற நேரத்தைக் கூட்டுற அளவா எடுத்துக்கும், எரர் வராது, சத்தமில்லாம வெர்ஷன் 1-லயே ஓடும். எந்த மனுஷன் இப்படி ஒண்ணை யோசிச்சான்னு தெரியலை, ஆனா எம்ஆர்டிஜி 1995-லருந்து இருக்கு, அதனால மன்னிச்சு விட்டுரலாம். கான்ஃபிக் ஃபைலைத் திறந்து டார்கெட் வரி பூராம் அஞ்சு கோலன் 2-ன்னு முடியுதான்னு கண்ணால பாத்துக்கங்க.

64 பிட்டே இல்லாத பழைய பாக்ஸா? ஒரு நிமிஷத்துக்கு ஒருக்கா ரீடிங் எடுங்க. அப்ப 572 எம்பிபிஎஸ் வரைக்கும் தாங்கும்.

இருங்க, ஒண்ணை விட்டுட்டேன். ஆக்டெட்னா பைட். எம்ஆர்டிஜி சும்மா விட்டா பைட்லதான் கிராஃப் போடும். ஆப்ஷன்ஸ்ல பிட்ஸ்-னு சேக்கணும். சேக்கலைன்னா 100 எம்பிபிஎஸ் லைன் 12.5-ன்னு நிக்கும். அதுக்கும் பத்து கமெண்ட் வந்திருக்கு.

மாத்துனதுக்கு அப்புறம் சோதிக்கணும்ல, அதுக்கு ஸ்பீட் டெஸ்ட் போடாதீங்க. அது அரை நிமிஷம் கூட ஓடாது, அஞ்சு நிமிஷச் சராசரில கரைஞ்சு போயிரும். பெரிய ஃபைலா போட்டு லைனை நிரப்பிப் பத்து நிமிஷம் டவுன்லோட் ஓட விடுங்க. 300 லைன்ல இருபத்திரண்டரை ஜிபி போயிரும், டேட்டா லிமிட் வச்ச பிளான்னா யோசிச்சுப் பண்ணுங்க.

மைக்ரோடிக் ரூட்டர் வச்சிருக்குறவங்க நெட்ல ஓஐடி தேடி அலைய வேணாம். டெர்மினல்ல இன்டர்ஃபேஸ் பிரிண்ட் ஓஐடி-ன்னு அடிங்க, ஒவ்வொரு போர்ட்டுக்கும் நம்பரை அதுவே கொட்டும், பைட் கணக்கு 64 பிட்லயே இருக்கும். எனக்கு மைக்ரோடிக் பிடிக்குறதுக்கு இது ஒண்ணே போதும். லைன் கம்பெனி சும்மா குடுக்குற வெள்ளைப் பெட்டில பெரும்பாலும் எஸ்என்எம்பியே இருக்காது, இருந்தாலும் பூட்டி வச்சிருப்பாங்க. அதோட மல்லுக்கட்டாதீங்க, அதுக்குப் பின்னாடி உங்க ரூட்டரைப் போட்டு அதுல அளங்க.

மைக்ரோடிக்ல எஸ்என்எம்பியைத் திறக்கும்போது ஐபி மெனுல எஸ்என்எம்பி, எனேபிள். கம்யூனிட்டில பப்ளிக்-னு இருக்குறதை மாத்துங்க. அட்ரஸ் கட்டத்துல மானிட்டர் மெஷினோட, அதாவது எம்ஆர்டிஜி ஓடுற கம்ப்யூட்டரோட ஐபி மட்டும், பின்னாடி /32. எழுதுற உரிமை வேணவே வேணாம். 2சி-ல கம்யூனிட்டி பேரு அப்படியே வெட்டவெளியா கம்பில போகும், பாஸ்வேர்டுன்னு நம்பாதீங்க. யுடிபி 161 வெளி லைன் பக்கம் திறந்து கிடந்தா, எவனோ எங்கயோ தாக்குறதுக்கு உங்க ரூட்டரைக் கவண் கல்லாட்டம் பயன்படுத்திக்குவான். ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல போகுதுன்னா வெர்ஷன் 3 போடுங்க, பாஸ்வேர்டு எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது.

போட்டதும் டைம்அவுட் வருதா? கம்யூனிட்டி தப்பா இருந்தாலும் டைம்அவுட்தான், ஃபயர்வால் அடிச்சாலும் டைம்அவுட்தான். "பாஸ்வேர்டு தப்பு"ன்னு அது சொல்லவே சொல்லாது, வாயை மூடிக்கிட்டு பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுரும். மைக்ரோடிக்ல டார்ச்சுன்னு, ஓடுற டிராஃபிக்கை நேரடியா காட்டுற கருவி இருக்கு, அதைத் திறந்து 161-ஐப் பாருங்க. கேள்வி வருது, பதில் போகலைன்னா ரூட்டர் பக்கம் குத்தம். கேள்வியே வரலைன்னா மானிட்டர் மெஷின் பக்கம் தேடுங்க.

அடுத்து கரண்ட் கட். மாசாந்திரப் பராமரிப்புன்னு காலைல நிறுத்துறாங்கல்ல, ரூட்டர் திரும்ப எந்திரிச்சதும் கவுன்ட்டர் சைபர்லருந்து ஆரம்பிக்கும். ரீடிங்கைச் சேத்து வச்சு கிராஃப் போடுற ஆர்ஆர்டிடூல்ல கவுன்ட்டர்ங்கிற வகை வச்சிருந்தா, குறைஞ்ச உடனே சுத்தி வந்துருச்சுன்னு நினைச்சு மீனாட்சி கோயில் கோபுரம் மாதிரி ஒரு ஸ்பைக் போடும். அதுக்கு டெரைவ் (DERIVE)ங்கிற வகை வைங்க, குறைஞ்சபட்சம் 0-ன்னு குடுங்க. நெகட்டிவ் வந்தா தெரியாதுன்னு விட்டுரும், கிராஃப்ல ஒரு ஓட்டை, அவ்வளவுதான். கூடவே சிஸ் அப்டைம், 1.3.6.1.2.1.1.3.0, அதையும் வாங்கி வைங்க. அது செகண்டுல நூத்துல ஒரு பங்குல எண்ணுறது, 497 நாள்ல தானே சுத்திரும். நம்ம ஊர் கரண்ட்டுக்கு 497 நாள் தொடர்ச்சியா ஓடுன ரூட்டரை யாராவது காட்டுங்க, ஜிகர்தண்டா வாங்கித் தர்றேன்.

கரண்ட்டுன்னதும் ஞாபகம் வருது, மானிட்டர் மெஷின். டிஸ்ப்ளே போன பழைய லேப்டாப் வாங்குங்க. 4,000 ரூபாய்க்கு மேல கேட்டா டவுன் ஹால் ரோட்டுல அடுத்த கடைக்குப் போங்க. கீபோர்டுல ரெண்டு கட்டை இல்லைன்னா இன்னும் ஐந்நூறு குறைங்க, எஸ்எஸ்ஹெச்ல உள்ள போறதுக்கு எதுக்குக் கட்டை? பேட்டரி ஒரு மணி நேரம் நின்னா அதுவே யூபிஎஸ். ராஸ்பெர்ரி பைல மெமரி கார்டு போட்டு ஓட்டாதீங்க, ஆர்ஆர்டி ஃபைல் ராத்திரி பகலா எழுதிக்கிட்டே இருக்கும், கார்டு தேஞ்சு போகும்.

சிபியு கிராஃப் சராசரியா போடாதீங்க. ஹெக்ஸ் ஆர்பி750ஜிஆர்3 மாதிரி பாக்ஸ்ல சிபியு நாலா தெரியும், ஒண்ணு 100-ல முட்டிக்கிட்டு நின்னாலும் சராசரி 25-ன்னு சிரிச்சுக்கிட்டு இருக்கும். 1.3.6.1.2.1.25.3.3.1.2-க்குக் கீழ நாலு வரி வரும், நாலையும் தனித்தனிக் கோடா போடுங்க. வெப்பமும் சேத்துக்கங்க, சித்திரை வெயில்ல ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழ ரூட்டர் வச்சவங்களுக்கு அது கண்டிப்பா வேணும். சில பாக்ஸ் 10-ஆல பெருக்கிக் குடுக்கும், 450-ன்னு வந்தா 45 டிகிரி.

எந்த ரூம் பையன் லைனைத் தின்னுறான்னு இதுல தெரியுமான்னு கேட்டிருக்கீங்க. தெரியாது. போர்ட் வழியா எவ்வளவு போச்சுங்கிறதோட எஸ்என்எம்பி நின்னுக்கும், யாரு எங்க போனாங்கிறதுக்கு, ஒவ்வொரு ஐபியும் எங்க பேசுதுன்னு குறிச்சுக் குடுக்குற டிராஃபிக் ஃப்ளோ வேணும். அது தனி வீடியோ.

இனிமே கிராஃப் அனுப்புறவங்க மூணு விஷயம் எழுதி அனுப்புங்க: வெர்ஷன் 1-ஆ 2சி-யா, எத்தனை நிமிஷ இடைவெளி, எந்த இன்டர்ஃபேஸ். இந்த மூணும் இல்லாத கமெண்ட்டுக்கு ஹார்ட்டு கூடப் போட மாட்டேன்.