கோட்டிங்கின் அடியில் என்ன இருக்கிறது?

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஆவாரம்பாளையம், கணபதி, குறிச்சி சிட்கோ என்று எந்தப் பக்கம் பட்டறைக்குள் நுழைந்தாலும் தங்க நிறத்தில் மின்னும் டிரில் பிட்டைப் பார்க்கலாம். அந்த நிறம் டைட்டானியம் நைட்ரைடு. வெற்றிட அறைக்குள் டைட்டானியத்தை ஆவியாக்கி, நைட்ரஜன் வாயுவைச் செலுத்தி, டூலின்மேல் படிய வைக்கிறார்கள். இந்தக் கோட்டிங்கின் கனம் 2 முதல் 4 மைக்ரான்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 2 முதல் 4 பங்கு. டூல் செய்யும் ஹைஸ்பீடு ஸ்டீலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கடினம்.

பட்டறைக்காரர்கள் கேட்பது இதைத்தான்: "ஏனுங்க, ரெண்டு லாட்டும் ஒரே கலருதானுங்க. ஒண்ணு நல்லா உழைக்குது, இன்னொண்ணு உரிஞ்சு வருது. என்னங்க காரணம்?" நியாயமான கேள்வி. ஆனால் கலரைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. கோட்டிங் செதில் செதிலாக உரிந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அது ஸ்டீலோடு ஒட்டும் இடத்தை. அங்கே இறங்கிப் பார்க்கும் முறைதான் செகண்டரி அயான் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி, சுருக்கமாகச் சிம்ஸ்.

சீசியம் அல்லது ஆக்சிஜன் அயனிகளை, அதாவது மின்னூட்டம் பெற்ற துகள்களை, வேகமாகக் கோட்டிங்கின்மேல் மோத விடுவோம். மோதிய இடத்திலிருந்து அணுக்கள் தெறிக்கும். அவற்றில் மின்னூட்டம் பெற்றவற்றை இழுத்து, நிறை வாரியாகப் பிரித்து எண்ணுவோம். 23 என்றால் சோடியம், 27 அலுமினியம், 48 டைட்டானியம். மோத மோதப் பள்ளம் ஆழமாகும். எந்த ஆழத்தில் எது எவ்வளவு என்று வரைபடம் வந்துகொண்டே இருக்கும். பள்ளத்தின் நடுவிலிருந்து வரும் அயனிகளை மட்டும்தான் கணக்கில் எடுப்போம். ஓரச் சுவரிலிருந்து வருவதையும் சேர்த்தால் மேலே இருப்பது கீழே இருப்பதாகத் தோன்றிவிடும்.

இதில் சோடியம்தான் முக்கியமான சாட்சி. சிம்ஸ் கருவிக்கு சோடியம், பொட்டாசியம் எல்லாம் துளியூண்டு இருந்தாலும் தெரியும். கோட்டிங்குக்கு முன்னால் டூலைச் சோப்புக் கரைசலில் கழுவி அலசுகிறார்கள் அல்லவா? நம் ஊர்ப் பக்கம் பல போர்வெல்களில் தண்ணீர் எவ்வளவு உப்பு என்பது சிறுவாணி குடித்து வளர்ந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கடைசி அலசல் அந்தத் தண்ணீரில் என்றால் உப்பு டூலிலேயே காய்ந்துவிடும், அதன்மேல் டைட்டானியம் படியும். வரைபடத்தின் தொடக்கத்தில், அதாவது கோட்டிங்கின் மேற்பரப்பில், சோடியம் தெரிந்தால் அது பிறகு பட்ட கை வியர்வையாக இருக்கலாம். ஸ்டீல் தொடங்கும் இடத்தில் திடீரென்று ஒரு முகடு எழும்பினால், அது கோட்டிங்குக்கு முன்பே வந்த அழுக்கு. அயனி நீக்கிய, அதாவது கரைந்த உப்பை எடுத்துவிட்ட, தண்ணீரில் கடைசியாக அலசுவது வீண் செலவு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபமே வரும்.

அதே இடத்தில் ஆக்சிஜன் கூடித் தெரிந்தால், ஸ்டீலில் படிந்த ஆக்சைடு சரியாக நீங்கவில்லை, அல்லது அறையில் ஈரமோ கசிவோ இருந்தது என்று தேட வேண்டும்.

சிக்கலும் உண்டு. 28 என்ற நிறையில் சிலிக்கானும் வரும், இரண்டு நைட்ரஜன் சேர்ந்த மூலக்கூறும் வரும். சிலிக்கான் 27.977, நைட்ரஜன் ஜோடி 28.006. நைட்ரைடு கோட்டிங்கில் இந்த வித்தியாசத்தைப் பிரிக்காமல் "சிலிக்கான் இருக்கிறது" என்று ரிப்போர்ட் எழுதினால் அது தப்பான ரிப்போர்ட். இன்னொன்று, ஒரே தனிமம் ஸ்டீலுக்குள் இருக்கும்போது ஒரு அளவிலும், நைட்ரைடுக்குள் இருக்கும்போது வேறு அளவிலும் அயனியாகும். அதனால் எண்ணிக்கையை அப்படியே சதவீதமாகப் படிக்கக் கூடாது. கலவை தெரிந்த மாதிரியோடு ஒப்பிட்டாக வேண்டும்.

ஆகவே சோதனைக்கு வரும்போது உரிந்த டூலை மட்டும் கொண்டுவராதீர்கள். அதில் கோட்டிங் இன்னும் ஒட்டியிருக்கும், தட்டையான ஓர் இடம் வேண்டும். கூடவே, நன்றாக உழைத்த லாட்டிலிருந்தும் ஒரு டூல் கொண்டு வாருங்கள். இரண்டையும் ஒரே நாளில், ஒரே அமைப்பில் ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். வெறும் கையால் மட்டும் தொட வேண்டாம்.

வணக்கம்.