மத்தளம் படும் பாடு

மேடையில் இருக்கும் தலைவர் அவர்களே, வேறு கூட்டத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் கவுன்சிலர் அம்மா அவர்களே, ஓய்வுபெற்ற பொறியாளர் ஐயா அவர்களே, மைக் செட்டுக்குக் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்ட தம்பி, எல்லாருக்கும் வணக்கம். செயலாளரை விட்டுவிட்டேன், அவருக்கும் வணக்கம்.

நடக்கிறவருக்கான தெரு என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். வேகம், நிழல், ரோட்டின் உயரம் என்று மூன்று விஷயம் சொல்லலாம் என்று வந்தேன். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி என்பார்கள். நம் செல்லூரில் நடக்கிறவர் மத்தளம். இந்தப் பக்கம் பைக் உரசும், அந்தப் பக்கம் மூடியில்லாத வாய்க்கால்.

நெதர்லாந்தில் டெல்ஃப்ட் என்று ஒரு ஊர். அங்கே குடியிருப்புத் தெருவை ஒரே மட்டமாக்கி, நடைபாதை என்று தனியாக இல்லாமல், நடுநடுவே மரமும் பெஞ்சும் போட்டு வளைத்துவிட்டார்கள். கார் வரலாம், மனுஷன் நடக்கிற வேகத்தில்தான் வரவேண்டும். வோனர்ஃப் என்று பெயர், 1976-ல் நாட்டுச் சட்டத்திலேயே ஏறிவிட்டது. நம் மீனாட்சி கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதியிலும் வண்டி வரக்கூடாது என்று தடுத்த பிறகு பிள்ளையின் கையை விட்டுவிட்டு நடக்க முடிகிறதே!

சரி, ரோட்டின் உயரம். எதற்கு மைக்கைப் பிடித்தாலும் இங்கேதான் வந்து நிற்பேன் என்று உங்களுக்கே தெரியும். எங்கள் வீட்டுக்குள் முன்பெல்லாம் மூன்று படி ஏறிப் போவோம். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு, ஒவ்வொரு படியாகப் போய், கடைசியில் வீட்டுக்குள் இறங்க ஆரம்பித்தோம். அந்தச் சமயத்தில்தான் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா பட்டு வேட்டி, கையில் பழத்தட்டு, வாசலில் பள்ளம் இருக்கும் என்று அவர் கண்டாரா? நேரே கூடத்தில் வந்து விழுந்தார், வாழைப்பழச் சீப்பு ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். யாருக்கும் பேச்சு வரவில்லை. அப்பத்தா மட்டும், "சம்மதம்னா வாயால சொன்னாப் போதும்யா, கால்ல விழ வேணாம்" என்றது. அவரே சிரித்துவிட்டார். கல்யாணம் நடந்தது. மழை வந்தால் முழங்காலைத் தடவிக்கொண்டு இன்னும் அக்காவிடம் சொல்லிக்காட்டுகிறார்.

இதற்கும் நடப்பதற்கும் என்ன சம்பந்தம்? ரோடு உயர்ந்தால் மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வரும். வீட்டுக்காரர் வாசலைத் தூக்கி, சிமெண்ட் சரிவு போட்டுத் தெருவுக்குள் நீட்டுவார். பக்கத்து வீட்டுக்காரர் அதைவிட ஓர் அடி கூடுதலாக நீட்டுவார். குடியிருப்புத் தெருவில் நடைபாதைக்கு 1.8 மீட்டராவது விடு என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்கிறது (கட்சி இல்லை, ரோட்டுக்கு அளவு வகுக்கிற பொறியாளர்கள் அமைப்பு), அது இந்தச் சரிவுகளுக்கு அடியில்தான் கிடக்கிறது. நடக்கிறவர் நடுரோட்டுக்கு வந்து திரும்பவும் மத்தளமாகிறார். சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போடவேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டாகிவிட்டது. எங்கள் தெருவுக்குப் போன தடவை ராத்திரி பதினோரு மணிக்குத் தார் லாரி வந்தது. சுரண்டும் மெஷின் வரவில்லை. விடிந்து பார்த்தால் மூன்று விரற்கடை ஏறியிருந்தது.

நிழலுக்கு நேரமில்லை, செயலாளர் மணியில் கை வைத்துவிட்டார். கவுன்சிலர் அம்மாவிடம் கொடுக்க ஒரு மனு வைத்திருக்கிறேன். உங்கள் வாசல் ரோட்டைவிட எத்தனை விரற்கடை கீழே என்று அளந்து வந்து அதில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். டேப் என்னிடம் இருக்கிறது, ஆனால் திருப்பித் தரவேண்டும், போன கூட்டத்தில் வாங்கிப் போனவர் யார் என்று எனக்குத் தெரியும்.